பதினைந்து வயதுப் பிட்சரின் குளிர்காலம்: எடைப் பந்தா, தொடர் ஆட்டமா, ஓய்வா?

அக்டோபர் கடைசியில் இலையுதிர்கால ஆட்டங்கள் முடிந்துவிடும். பள்ளி அணித் தேர்வு பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோதான் வரும். நடுவில் இருக்கும் நான்கு மாதத்தை என்ன செய்வது? அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, ஆடும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் வருஷா வருஷம் வரும் கேள்வி இது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் இப்போது வருகிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா அம்மாவுக்கு இதில் கைகொடுக்கச் சொந்த அனுபவம் கிடையாது. கோச் சொல்வதையும், கூட ஆடும் பையன் செய்வதையும், போனில் வரும் வீடியோக்களையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

கண்ணெதிரே இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, எடை கூடிய பந்துகளையும் குறைந்த பந்துகளையும் எறிந்து வேகத்தை ஏற்றும் பயிற்சி. இரண்டு, உள்ளரங்க லீக், ஊர் ஊராகப் போய் ஆடும் ட்ராவல் டீம், கல்லூரிக் கோச்சுகள் பார்க்க வரும் ஷோகேஸ் என்று குளிர்காலம் முழுக்கத் தொடர்ந்து ஆடுவது. மூன்று, பந்தைக் கீழே வைத்துவிட்டு உடம்பை வலுவாக்குவது, வேறொரு விளையாட்டை ஆடுவது. இவை போக, கேமராக்கள் சூழ்ந்த ஆய்வகத்தில் பையனின் வீச்சை அளந்து பார்ப்பது என்று ஒன்று உண்டு. அது தனி வழி கிடையாது, மற்றவற்றோடு சேர்த்துக்கொள்வது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்கு மூன்றாவது வழிதான். பணம் மிச்சமிருந்தால் ஆய்வக அளவீட்டைச் சேர்க்கலாம். எடைப் பந்து சில வருஷம் காத்திருக்கட்டும். இரண்டாவது வழி வேண்டவே வேண்டாம். ஏன் என்று புரிய முழங்கைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு பந்து முழங்கையை என்ன செய்கிறது

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே வேகப்பந்து வீச்சாளரின் பெரிய பயம் கீழ் முதுகெலும்பில் விழும் விரிசல். பேஸ்பால் பிட்சருக்கு அப்படி ஒரு விதி இல்லை. முழங்கையை மடக்கி, மேல்கையைப் பின்னால் முறுக்கி, ஒரே சுண்டலில் முன்னால் விடுகிறார். அந்தச் சமயத்தில் தோள் சுழலும் வேகம் விநாடிக்கு 7,000 டிகிரி அளவுக்குப் போகும். மனித உடம்பு செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இது ஒன்று.

கை பின்னால் முழுதாகச் சாய்ந்து, முன்னால் திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொண்டு வரப் பார்க்கும். பிளக்கவிடாமல் பிடித்திருப்பது மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டியிருக்கும் ஒரு சின்ன லிகமென்ட். அலபாமாவின் பர்மிங்காமில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் கிளென் ஃப்ளைசிக் குழுவினர் 1995-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு பந்தை எறியும்போது முழங்கையில் வரும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன்-மீட்டர். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த லிகமென்டைத் தனியாக இழுத்துச் சோதித்தபோது, அதில் ஏறக்குறைய பாதியிலேயே அது அறுந்துபோனது. அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு பந்துக்கும் லிகமென்ட் அறுந்தாக வேண்டும். அறுவதில்லை. மீதிப் பாரத்தை முன்கைத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா ஆராய்ச்சி முடிவுகளும் சட்டென்று புரியும். தசை புத்துணர்ச்சியோடு இருக்கும் வரை லிகமென்டுக்குக் காவல் உண்டு. தசை களைத்துப்போனால் பாரத்தில் கூடுதல் பங்கு லிகமென்டின் தலையில் விழுகிறது. பதினைந்து வயதில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வளர்ச்சிக் குருத்தெலும்பு பல பையன்களுக்கு இன்னும் எலும்பாகி மூடியிருக்காது. பலருக்கு லிகமென்டுக்கு முன்னால் அதுதான் பிய்ந்து வரும். லிட்டில் லீக் எல்போ என்று அமெரிக்க டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் வேகம். தொழில்முறை பிட்சர்களை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே பிட்சர் தன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அவர் முழங்கையில் விழும் முறுக்கு கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறியது. ஆனால் ஒரு பிட்சரை இன்னொரு பிட்சரோடு ஒப்பிட்டால் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனம். மணிக்கு 95 மைலில் எறியும் ஒருவர், 90-இல் எறியும் இன்னொருவரை விடக் குறைந்த பாரத்தோடு எறியக்கூடும். இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒரு பையன் வேகத்தைக் கூட்டினால் அதற்கான விலையை அவன் முழங்கை கொடுக்கத்தான் வேண்டும். அதே சமயம், கால், இடுப்பு, உடல் திருப்பம் எல்லாம் சரியான வரிசையில் வேலை செய்தால் அந்த விலை குறையும். குளிர்காலத்தில் எதற்குப் பணம் செலவழிப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எடைப் பந்து: பலன் உண்மை, ஆபத்தும் உண்மை

பேஸ்பாலின் எடை 5 முதல் 5.25 அவுன்ஸ், அதாவது 142 முதல் 149 கிராம். அதைவிடக் கனமான, லேசான பந்துகளை மாற்றி மாற்றி எறிந்தால் வேகம் கூடும் என்பது புதிய கண்டுபிடிப்பு கிடையாது. 1990-களிலேயே கூப் டெரென் என்ற ஆராய்ச்சியாளர் 4 முதல் 6 அவுன்ஸ் வரையிலான பந்துகளை வைத்து உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் பிட்சர்களிடம் இதைக் காட்டியிருக்கிறார். அங்கே எடை வித்தியாசம் சின்னது. இன்று பயிற்சிக் கூடங்களில் 2 அவுன்ஸிலிருந்து 2 பவுண்ட் வரை போகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய டிரைவ்லைன் போன்ற பயிற்சி இடங்கள் இந்த முறையை அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீக் வரை கொண்டுபோய்விட்டன. அங்கே வயது வந்த பிட்சர்கள் அளவீடு, மேற்பார்வை எல்லாவற்றோடும் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

பதின்பருவப் பையன்களுக்கு என்ன ஆகிறது என்பதை நேராகச் சோதித்த ஆய்வு 2018-இல் வந்தது. மைக் ரெய்னோல்ட் என்ற உடலியக்க மருத்துவர் தலைமையில், 13 முதல் 18 வயது வரையிலான 38 பிட்சர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் உடற்பயிற்சி, எறியும் பயிற்சி எல்லாம் ஆறு வாரம் உண்டு. ஒரு குழு மட்டும் 2 முதல் 32 அவுன்ஸ் வரையிலான பந்துகளை எறிந்தது. அந்தக் குழுவின் வேகம் சராசரியாக 3.3 சதவீதம் கூடியது. 75 மைலில் எறியும் பையனுக்கு அது இரண்டரை மைல். ரேடார் கன் பிடித்து நிற்கும் அப்பாவுக்கு அது சின்ன எண் கிடையாது.

காயக் கணக்கையும் பார்க்க வேண்டும். எடைப் பந்துக் குழுவில் 24 சதவீதம் பேருக்குப் பயிற்சியின்போதோ அடுத்த சீசனிலோ முழங்கையில் காயம். எலும்பு விரிசல் இரண்டு பேருக்கு, லிகமென்ட் காயம் இரண்டு பேருக்கு, அதில் ஒருவருக்கு ஆபரேஷன் தேவை என்று டாக்டர்கள் சொன்னார்கள். சாதாரணப் பந்தை மட்டும் எறிந்த குழுவில் ஒருவருக்கும் காயம் இல்லை. அந்தக் குழுவிலும் பலருக்கு வேகம் கூடத்தான் செய்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு எண்ணும் அந்த ஆய்வில் உண்டு. எடைப் பந்து எறிந்தவர்களுக்குத் தோள் பின்னால் சுழலும் அளவு ஆறே வாரத்தில் 4 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. கை இன்னும் பின்னால் போனால் பந்தைத் தள்ள இன்னும் நீளமான பாதை கிடைக்கிறது. வேகம் கூடியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் டிகிரிகளைக் கட்டுப்படுத்தும் வலு ஆறு வாரத்தில் வருவதில்லை. வளரும் மூட்டில் தளர்வு முதலில் வந்து, வலு பிறகு வருவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

எடைப் பந்தை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வைக் குறை சொல்வார்கள். 38 பேர் சின்ன எண்ணிக்கை, பயிற்சி ஒவ்வொருவருக்கும் தக்கபடி அமைக்கப்படவில்லை, தயாராவதற்குப் போதிய கால அவகாசம் தரப்படவில்லை என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு கேள்வி. நம் பையன் போகும் பயிற்சிக் கூடத்தில் அந்தத் தனிக் கவனம் கிடைக்குமா? பத்துப் பையன்கள் வரிசையில் நின்று, சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து, ஒரே மாதிரி எறிந்துகொண்டிருந்தால் அது ரெய்னோல்ட் சோதித்த பயிற்சியை விட மோசம். வீட்டுக்குப் பந்துகளை வரவழைத்து, வீடியோ பார்த்து, கராஜ் சுவரில் தானே எறிவது அதைவிட மோசம்.

அதனால் என் கணக்கு இப்படி. எலும்பு வளர்ச்சி முடிந்து, பதினெட்டைத் தாண்டி, ஒரு வருஷமாவது முறையாக எடை தூக்கிப் பழகிய, வலியே இல்லாத பிட்சருக்கு, சின்ன எடை வித்தியாசத்தில், ஆள் நின்று பார்க்கும் இடத்தில் எடைப் பந்து ஒரு நல்ல வழியாக இருக்கலாம். பதினைந்து வயதில் இரண்டரை மைலுக்காக நாலில் ஒருவருக்குக் காயம் என்ற பேரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இரண்டரை மைல், பையன் வளர்ந்து வலுவாகும்போது தானே வரக்கூடும்.

வருஷம் முழுக்க ஆடுவது

இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தோளிலோ முழங்கையிலோ ஆபரேஷன் செய்துகொண்ட 95 பதின்பருவப் பிட்சர்களையும், காயமே படாத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு ஆபரேஷன் வாய்ப்பு 5 மடங்கு. ஓர் ஆட்டத்தில் 80 பந்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு ஏறக்குறைய 4 மடங்கு. கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. மறுபடி சொல்கிறேன், 36 மடங்கு. தசை களைத்தால் லிகமென்ட் தனியாக மாட்டிக்கொள்ளும் என்று மேலே பார்த்தோமே, அதே கதைதான் இங்கே எண்ணாக வந்திருக்கிறது.

2011-இல் அதே பர்மிங்காம் குழு, 9 முதல் 14 வயதுப் பிட்சர்கள் 481 பேரைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டது. வருஷத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வர 3.5 மடங்கு வாய்ப்பு.

ஷோகேஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டிசம்பரில் நடக்கும் ஷோகேஸில் பையன் இருபது பந்துதானே எறியப்போகிறான் என்று தோன்றும். அந்த இருபதும் ரேடாருக்கு முன்னால், முழு மூச்சில், சீசன் சூடு ஆறிப்போன கையால் எறியும் பந்துகள். மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் வெளியிட்ட பிட்சர் காய அறிக்கை, 200-க்கும் மேற்பட்டோரிடம் பேசிவிட்டு, வேகத்தின் பின்னால் ஓடுவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதையும்தான் முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-இல் 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். மேஜர், மைனர் லீக் இரண்டிலும் சேர்த்து முழங்கை லிகமென்ட் ஆபரேஷன்கள் 2010-இல் 104, 2024-இல் 281. பெரியவர்கள் உலகின் இந்தப் போக்கு பள்ளிப் பையன்கள் வரை இறங்கி வந்துவிட்டது என்று அந்த அறிக்கையே கவலைப்படுகிறது.

ஆபரேஷன் செய்துகொண்டால் கை முன்னை விட வலுவாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு பரவியிருக்கிறது. 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற மேஜர் லீக் பிட்சரின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, லிகமென்ட் போன இடது முழங்கையில் கட்டினார். அந்த ஆபரேஷனுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. டாமி ஜான் 1975 முழுக்க ஆடாமல் இருந்து, 1976-இல் திரும்பி வந்து, தன் 288 வெற்றிகளில் 164-ஐ அதற்குப் பிறகுதான் பெற்றார். அந்தக் கதை அழகானது. ஆனால் 2012-இல் வந்த கருத்தாய்வில், காயமே இல்லாவிட்டாலும் திறமையைக் கூட்ட அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம் என்று பள்ளி வீரர்களில் 51 சதவீதம் பேர் நினைத்தார்கள். அது பொய் நம்பிக்கை. திரும்பி வந்த பிறகு வேகம் கூடியதாகத் தெரிந்தால், ஒரு வருஷத்துக்கு மேல் செய்த உடற்பயிற்சியும் இடையில் வந்த உடல் வளர்ச்சியும்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். அதே உழைப்பைக் கத்தி படாமலே செய்யலாம். இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த குமார் ராக்கர் நம்மவர்கள் பலருக்கும் பிடித்த பெயர். 2021-இல் முதல் சுற்றில் தேர்வாகியும் கையின் மருத்துவ அறிக்கையைப் பார்த்து அணி ஒப்பந்தம் போடவில்லை. மறு வருஷம் வேறு அணி எடுத்தது. 2023-இல் டாமி ஜான் ஆபரேஷன். 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீகில் கால் வைத்தார். எவ்வளவு பெரிய திறமைசாலியிடமிருந்தும் கைக் காயம் இவ்வளவு காலத்தைப் பறித்துக்கொள்கிறது.

பந்தைக் கீழே வைப்பது

மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் சேர்ந்து 2014-இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி சொல்வது இது. 15, 16 வயதுப் பிட்சர் வருஷத்தில் நான்கு மாதமாவது போட்டிப் பிட்சிங்கிலிருந்து விலகியிருக்க வேண்டும். அதில் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மாதம் தலைக்கு மேல் கை தூக்கி எறியும் எந்த வேலையும் கூடாது. கோடை முழுக்க ஆடும் பிள்ளைக்கு இந்த ஓய்வு விழக்கூடிய ஒரே இடம் குளிர்காலம்தான். அங்கேயும் ஆட்டத்தை நிரப்பினால் ஓய்வுக்கு இடமே இல்லை.

ஓய்வு என்றதும் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. மற்ற பையன்கள் முன்னே போய்விடுவார்களே என்ற பயம். கைக்கு மட்டும்தான் ஓய்வு, உடம்புக்கு இல்லை. பந்தின் வேகம் தரையிலிருந்து தொடங்கி, கால், இடுப்பு, மார்பு வழியாக ஏறிக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. கீழிருந்து வரும் பலம் குறைந்தால் தோளும் முழங்கையும் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆகவே நவம்பர், டிசம்பரில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிகள், மெடிசின் பால் எனும் கனமான பந்தைச் சுவரில் திருப்பி அடிப்பது, தோள்பட்டைப் பின்தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி என்று வாரம் மூன்று நாள் செய்தால், அந்தப் பையன் வசந்தத்தில் வேறு ஆளாக வருவான். சிறுவர்கள் எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை. தெரிந்தவர் நின்று பார்த்தால் பாதுகாப்பானது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. பள்ளி பாஸ்கெட்பால் அணியில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்தப் பக்கத்துக்கு என்னை முழுதாக இழுத்தது ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு. அதில் சோதித்த பயிற்சித் தொகுப்புக்கு யோகோஹாமா பேஸ்பால் 9 என்று பெயர். நீட்சி, மூட்டு அசைவு, சமநிலை என ஒன்பது எளிய பயிற்சிகள். ஆரம்பப் பள்ளி வயது வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வார்ம்அப்பில் இவற்றைச் சேர்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழுவில் தோள், முழங்கைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பந்தின் வேகமும் கூடியிருந்தது. கருவி இல்லை, செலவு இல்லை. வயது குறைந்த பிள்ளைகளிடம் செய்த ஆய்வு என்பதை மறக்கவில்லை. ஆனாலும் வேகமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்க்கவில்லை.

ஜப்பானிலேயே இன்னொரு சம்பவம். 2019 ஜூலையில் ரோக்கி சசாகி, ஓஃபுனாட்டோ பள்ளியின் பிட்சர். மணிக்கு 163 கிலோமீட்டரில் எறிந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஜூலை 21-இல் 12 இன்னிங்ஸில் 194 பந்து, 24-இல் 129 பந்து. மறுநாள் இவாத்தே மாநில இறுதிப் போட்டி, ஜெயித்தால் கோஷியென் எனும் தேசியப் பள்ளிப் போட்டி. கோச் அவரை மவுண்டில், அதாவது பிட்சர் நின்று எறியும் மேட்டில், ஏற்றவில்லை. பள்ளி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குக் கண்டன அழைப்புகள் குவிந்தன. 1998-இல் தாய்சுகே மட்சுசாகா ஒரே கோஷியென் ஆட்டத்தில் 250 பந்து எறிந்ததை வீரம் என்று கொண்டாடிய நாடு அது. 2020-இல் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் வாரத்துக்கு 500 பந்து என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. சசாகி தொழில்முறை அணிக்குப் போன முதல் வருஷம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, உடம்பை மட்டும் கட்டினார். 2022 ஏப்ரல் 10-இல் 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு, எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத முழுமையான ஆட்டம் ஒன்றை எறிந்தார். பிறகு 2025-இல் அவர் தோள் தொந்தரவு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு கவனம் எடுத்தும் காயத்துக்கு முழு விலக்குக் கிடையாது. வாய்ப்பைக் குறைக்கத்தான் முடியும். அந்த வயதில் அந்தக் கோச் எடுத்த முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வகம்

உடம்பெங்கும் குறி ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள் வைத்து, பாதம் ஊன்றும் இடம், இடுப்பும் மார்பும் திரும்பும் நேர வித்தியாசம், முழங்கை முறுக்கு எல்லாவற்றையும் அளப்பார்கள். ஒரே வேகத்துக்கு இரண்டு பேர் வெவ்வேறு விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தோம். நம் பையன் என்ன விலை கொடுக்கிறான் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியது இது. வருஷத்துக்கு ஒரு முறை போதும். ஆனால் அறிக்கையை வாங்கிக்கொண்டு, அதைப் படிக்கத் தெரியாத கோச்சிடம் கொடுத்தால் பணம் வீண். அளந்தவர்களே பையனின் கோச்சோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வளைந்து இறங்கும் கர்வ்பால் கையைக் கெடுக்கும் என்று பல கோச்சுகள் இன்னும் சொல்கிறார்கள். இத்தகைய ஆய்வகங்களில் அளந்தபோது கர்வ்பால், ஃபாஸ்ட்பாலை விட அதிகப் பாரம் தரவில்லை. வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப் எல்லாவற்றையும் விடக் குறைவு. ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்அப்பும் முதலில் கைவரட்டும் என்று சொல்வதில் அர்த்தம் உண்டு. பையன் எந்தப் பந்தை எறிகிறான் என்பதை விட, எத்தனை எறிகிறான், எவ்வளவு களைப்பில் எறிகிறான் என்பதற்கே நம் கவலை போக வேண்டும்.

முடிவெடுத்த பிறகு

ஜனவரி பாதிக்கு மேல் திரும்ப எறியத் தொடங்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெதுவாக எறி என்று சொன்னால் பிள்ளைகள் மெதுவாக எறிவதில்லை. பள்ளிப் பிட்சர்களை அளந்த ஓர் ஆய்வில், முயற்சியை 25 சதவீதம் குறைத்ததாக அவர்கள் நினைத்த ஒவ்வொரு படிக்கும் வேகம் 11 சதவீதமும் முழங்கைப் பாரம் 7 சதவீதமும் மட்டுமே குறைந்தன. பாதிப் பலத்தில் எறிகிறேன் என்று சொல்லும் பையனின் முழங்கை முக்கால் பங்குக்கு மேல் பாரம் தாங்குகிறது. அதனால் ரேடாரை இந்த மாதத்தில் பயன்படுத்துங்கள், வேகம் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்காக. தூரத்தைக் கூட்டிக் கூட்டி எறியும் லாங் டாஸிலும் அப்படித்தான். 35, 50 மீட்டர் வரை நிதானமாக எறிவது நல்ல பயிற்சி. முடிந்த மட்டும் தூரம் என்று விட்டெறிவது மவுண்டிலிருந்து எறிவதை விட அதிகப் பாரம் தருவதாக அளந்திருக்கிறார்கள்.

வாரா வாரம் எறியும் அளவு சட்டென்று எகிறக் கூடாது. பல வாரங்களாகப் பழகிய பாரத்தைத் தாண்டி ஒரே வாரத்தில் தாவினால் காயம் வரும் என்பதை முதலில் அழுத்தமாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றியது. 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பேஸ்பாலிலும் சின்ன ஆய்வுகள் அதையே சொல்கின்றன.

சீசன் தொடங்கியதும் எண்ணும் வேலை பெற்றோருடையது. பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டிப்படி 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து உச்சவரம்பு. 76-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. அணி வைத்திருக்கும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஃபுளோரிடாவில் பள்ளி ஆட்டங்களில் ஆராய்ச்சியாளர்கள் நேரில் நின்று எண்ணியபோது, ஆட்ட நாளில் பிட்சர் எறிந்த பந்துகளில் 42 சதவீதம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆட்டத்துக்குத் தயாராகும் இடமான புல்பென்னில் எறிந்தவை, இன்னிங்ஸுக்கு முன்னால் எறிந்தவை எல்லாம் அப்படிப் போய்விடுகின்றன. இரண்டு அணிக்கு ஆடும் பையனின் கணக்கு இரண்டு நோட்டில் பிரிந்து கிடக்கும். பிட்ச் செய்த கையோடு, பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராகவும் உட்கார வைத்தால் அந்த எறிதல்களும் கணக்கில் வராது. வழிகாட்டியும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

எண்ணோடு பையனையும் பாருங்கள். களைத்த பிட்சரின் உடம்பு முன்னால் வளையாமல் நிமிர்ந்தே நிற்கும். முழங்கை தோள் உயரத்துக்குக் கீழே இறங்கும். பந்துகள் கேட்சரின் தலைக்கு மேல் போகும். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் நேரம் நீளும், கையை உதறுவான், முன்கையைப் பிசைவான். இவற்றில் இரண்டு தெரிந்தால், எண்ணிக்கை நாற்பதாக இருந்தாலும் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். கோச் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

வயது மாறினால் முடிவும் கொஞ்சம் மாறும். பன்னிரண்டு வயதென்றால் ஆய்வகமும் வேண்டாம். மேலே சொன்ன ஜப்பானிய ஒன்பது பயிற்சிகளும் வேறு விளையாட்டும் போதும். பதினெட்டைத் தாண்டி, கல்லூரி அணியில் இடம் பிடித்து, அங்கே பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர் எல்லாம் இருக்கிறார்கள் என்றால் எடைப் பந்தை அவர்களோடு பேசி முடிவெடுக்கலாம். ஏற்கெனவே முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றால், இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டாம். எறிவதை அன்றே நிறுத்திவிட்டு, விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைக்கு இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால்தான் வளர்ச்சிக் குருத்தெலும்பு விலகியிருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும், அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.